ஒரு பழமா, முழுக் கொத்தா?

நம் ரத்தத்தில் ஓடும் சர்க்கரையை மனிதன் முதன்முதலில் பிரித்தெடுத்தது உலர்ந்த திராட்சையிலிருந்து. 1747-ல் பெர்லினில் ஆந்திரேயாஸ் மார்க்ராஃப் என்ற வேதியியலாளர் அதைச் செய்தார். கரும்பில் கிடைக்கும் சர்க்கரை வேறு, இது வேறு என்பதும் அவருக்குப் புரிந்தது. பிரான்ஸைச் சேர்ந்த மிஷெல் செவ்ரல் 1815-ல் நீரிழிவு நோயாளியின் சிறுநீரை ஆராய்ந்து, அதில் உள்ள இனிப்பும் இதே திராட்சைச் சர்க்கரைதான் என்று காட்டினார். குளுக்கோஸ் என்ற பெயர் அதற்கும் பிறகு, 1838-ல் வைக்கப்பட்டது. ஜெர்மன் மொழியில் இன்றும் குளுக்கோஸுக்குத் 'திராட்சைச் சர்க்கரை' என்று ஒரு பெயர் உண்டு.

அந்தக் கணக்கில் பார்த்தால் ஓடைப்பட்டிக்காரர்களுக்குக் குளுக்கோஸ் சொந்த ஊர்ச் சரக்கு. தேனி மாவட்டம், சின்னமனூரை அடுத்த ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போனது. கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் போனால் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர். இங்கே சர்க்கரையை அளப்பது புதிய சங்கதி இல்லை. கொத்து பழுத்துவிட்டதா என்று பார்க்க ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போடுவது பழைய முறை. சாற்றை ஒரு சொட்டு ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்து, பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) எத்தனை என்று படிப்பது புதிய முறை. இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. கொத்தின் தோளில் இருக்கும் பழமும் நுனியில் தொங்கும் பழமும் ஒரே இனிப்பாக இருப்பதில்லை. தோள் பழத்தைத் தின்றுவிட்டு 'பழுத்துவிட்டது' என்று வெட்டினால் நுனி புளிக்கும். விவரம் தெரிந்தவர்கள் பல கொத்துகளில், பல இடங்களில் பழம் எடுத்துப் பார்ப்பார்கள்.

நீரிழிவு உள்ளவர் மாதம் ஒருமுறை வெறும் வயிற்றில் கொடுக்கும் ரத்தம், அந்தத் தோள் பழம். முழுக் கொத்தையும் பார்க்க வந்திருக்கும் கருவிதான் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்பான். பெயர் நீளம் என்பதால் எல்லோரும் 'சென்சார்' என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். மேல்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான சிறு வில்லை அது. மாதிரியைப் பொறுத்து, பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறியதாகவோ பெரியதாகவோ இருக்கும். பத்து நாள், பதினான்கு நாள் அங்கேயே இருந்து இரவு பகல் பாராமல் சர்க்கரையை அளக்கும். சர்க்கரை நோயாளிகளுக்காக வந்த இதை இப்போது நோயில்லாதவர்களும் ஆரோக்கியத்தின் பெயரில் வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். யாருக்கு எது தேவை, யாருக்கு எதுவுமே தேவையில்லை?

நீலத்திலிருந்து செங்கல் நிறம் வரை

நம் தாத்தா காலத்தில் சர்க்கரைப் பரிசோதனை என்றால் சிறுநீர்தான். சோதனைக் குழாயில் நீல நிற பெனடிக்ட் கரைசலை எடுத்து, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை ஏகமாக இருக்கிறது என்று பொருள். ரத்தத்தில் ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடும். (இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.) ஆகவே அந்தச் சோதனையில் தெரிந்தது சில மணி நேரத்துக்கு முன் நடந்த கதை, அதுவும் பாதிக் கதை.

பிறகு விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும் குளுக்கோமீட்டர் வந்தது. 'மூன்று மாத சுகர்' என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி வந்தது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாளும் அது சர்க்கரையில் மிதந்து, கொஞ்சம் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். 7 சதவீதம் என்றால் சராசரி ஏறக்குறைய 154.

சராசரி நல்ல சேதிதான். ஆனால் சராசரி ஆழம் மூன்றடி என்று நம்பி ஆற்றில் இறங்க முடியாது. நாள் முழுக்க 154-ஐ ஒட்டியே இருப்பவருக்கும், மதியம் 280, நள்ளிரவு 50 என்று ஊஞ்சலாடுகிறவருக்கும் எச்பிஏ1சி ஒன்றாகவே வரலாம். போதாக்குறைக்கு, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இது சிறிய குறை இல்லை.

இதெல்லாம் யாரோ சிலரின் பாடும் இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்திய பெரும் ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அந்தக் கணக்கு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அந்த மாத்திரை எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதைத் தீர்மானிக்க ஓர் எண் போதுமா?

ஒரே 180, மூன்று இரவுகள்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு திராட்சை விவசாயியை வைத்துக்கொள்வோம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 180. "ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன் டாக்டர், காலையில எப்படி ஏறுச்சு?" என்பது அவருடைய கேள்வி. நம் ஊர் மருத்துவமனைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்விகளில் இதுவும் ஒன்று. அந்த 180-க்குப் பின்னால் மூன்று விதமான இரவுகள் இருக்கலாம்.

முதல் இரவு: மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றிவிட்டு வர மணி பத்தரை. வழியில் நாலு புரோட்டா. படுக்கும்போது 240, விடியும்போது இறங்கி இறங்கி 180. வரைபடத்தில் இது ஒரு மலைச்சரிவு.

இரண்டாம் இரவு: எட்டு மணிக்கே இட்லி. படுக்கும்போது 130. மூன்று மணி வரை கோடு ஏரித்தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கிறது. நாலு மணிக்குமேல் மெல்ல மெல்ல ஏறி 180. அவர் எதுவும் சாப்பிடவில்லை. விடிவதற்கு முன் உடலை எழுப்பத் தயாராகும் கார்ட்டிசால் முதலான ஹார்மோன்கள் கல்லீரலைத் தட்ட, அது தன் இருப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. எல்லோருக்கும் நடப்பதுதான், நோய் இல்லாதவருக்கு இன்சுலின் உடனே அதைச் சமாளித்துவிடும்.

மூன்றாம் இரவு: பகலெல்லாம் கவாத்து வேலை. களைப்பில் அரைவயிற்றுச் சாப்பாடு. மாத்திரை மட்டும் வழக்கம்போல. இரண்டு மணிக்குச் சர்க்கரை 58-க்கு விழுகிறது. பனியன் நனைய வியர்த்து, நெஞ்சு படபடக்க எழுகிறார். கனவு ஏதோ என்று நினைத்து, சர்க்கரை போட்ட பாலைக் குடித்துவிட்டுப் படுக்கிறார். விடியும்போது 180.

முதல் இரவுக்கு மருந்து, சாப்பாட்டை முன்னால் தள்ளுவது. இரண்டாவதற்கு மருத்துவர் மாத்திரையையோ அதன் நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். மூன்றாவதற்கு மருந்தைக் குறைக்க வேண்டும். காலை 180 என்ற எண்ணை மட்டும் பார்த்து மூன்று இரவுக்கும் மாத்திரையைக் கூட்டினால், மூன்றாம் இரவில் சர்க்கரை அடுத்த முறை 58-லும் நிற்காது. சென்சாரின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. சர்க்கரை எவ்வளவு என்பதோடு, எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதையும் அது சொல்கிறது.

பூஞ்சை கொடுத்த கருவி

அறுவடைக்குப் பின் ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் திராட்சைக் கொத்தில் கரித்தூள் தூவியதுபோல் ஒரு பூஞ்சை படரும். பிழைப்பைக் கெடுக்கும் அந்தக் கறுப்புப் பூஞ்சைக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்று பெயர். குளுக்கோஸைக் கண்டால் விடாத ஒரு நொதியை அது சுரக்கிறது: குளுக்கோஸ் ஆக்சிடேஸ். ஆயிரம் பொருள் கலந்த கரைசலில் போட்டாலும் குளுக்கோஸைத் தேடிப் பிடித்துச் சிதைக்கும். தொழிற்சாலையில் பெரும்பாலும் இந்தப் பூஞ்சையிடமிருந்தே அதை எடுக்கிறார்கள். 1962-ல் அமெரிக்க விஞ்ஞானி லீலண்ட் கிளார்க், இந்த நொதியை மின்முனையின் மேல் படலமாகப் பூசினால் குளுக்கோஸின் அளவை மின்சாரமாகப் படித்துவிடலாம் என்று காட்டினார். இன்றைய பெரும்பாலான குளுக்கோமீட்டருக்கும் சென்சாருக்கும் மூத்த தலைமுறை அந்த யோசனைதான்.

வில்லையின் அடியில் தலைமுடியைவிடத் தடித்த, வளையக்கூடிய ஓர் இழை இருக்கும். ஒட்டும்போது ஊசி ஒன்று அதைத் தோலுக்குள் சுமார் அரை சென்டிமீட்டர் இறக்கிவிட்டு வெளியே வந்துவிடும். இழை மட்டும் உள்ளே தங்கும். இழையின் நுனியில் நொதி. குளுக்கோஸ் வந்து படும்போது நொதி அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. சில கருவிகளில் இந்த வேலையின்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை மின்முனை அளக்கிறது. வேறு சிலவற்றில் ஆஸ்மியம் என்ற உலோகத்தின் சேர்மம், எலக்ட்ரான்களைக் கைமாற்றி மின்முனையில் சேர்க்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஹெல்லர் உருவாக்கிய 'கம்பி கட்டிய நொதி' அது. எலக்ட்ரான் ஓட்டம் கூடினால் சர்க்கரை கூடியிருக்கிறது. வில்லைக்குள் இருக்கும் சில்லு அந்த மிகச்சிறிய மின்னோட்டத்தை எண்ணாக மாற்றிப் போனுக்கு அனுப்புகிறது. கால்மணிக்கு ஓர் எண் என்றால்கூட நாளுக்கு 96. பதினான்கு நாளில் 1,344. முதல் சென்சாருக்கு அமெரிக்க அரசு 1999-ல் அனுமதி தந்தது. அபாட் நிறுவனத்தின் லிப்ரே 2014-ல் ஐரோப்பாவில் வந்தபோதுதான் அது சாதாரண மக்கள் கைக்கு எட்டத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, மருத்துவர் ஒட்டிவிட்டு இரண்டு வாரம் கழித்துப் படிக்கும் லிப்ரே புரோ இந்தியாவுக்கு வந்தது.

இங்கே முக்கியமான ஒரு செய்தி: இழை ரத்தக்குழாய்க்குள் இல்லை. செல்களுக்கு இடையே ஊறி நிற்கும் நீரில் இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வால்வைத் திறந்ததும் குழாயில் தண்ணீர் ஓடும். வேரடி மண் நனையச் சற்று நேரம் ஆகும். வால்வை மூடினாலும் மண்ணில் ஈரம் உடனே போகாது. ரத்தம் குழாய், சென்சார் இருப்பது மண். ஐந்திலிருந்து பத்து நிமிடம், சர்க்கரை வேகமாக மாறும்போது இன்னும் கொஞ்சம், பின்தங்கித்தான் காட்டும்.

இது தெரியாமல் இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. சர்க்கரை தாழ்ந்து கைகால் நடுங்கும்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கிறோம். ரத்தத்தில் ஏறிவிட்டது. சென்சார் இன்னும் 62 என்றே காட்டுகிறது. பயந்து இன்னொரு டம்ளர், ரெண்டு வாழைப்பழம். ஒரு மணி நேரத்தில் 270. தாழ்சர்க்கரைக்கு எடுத்துக்கொண்ட பிறகு பதினைந்து நிமிடம் பொறுத்து, விரலில் குத்திப் பார்ப்பதே சரி. உடம்பு ஒன்று சொல்லி சென்சார் வேறொன்று சொன்னால் எப்போதும் விரலை நம்ப வேண்டும். சென்சார் வாங்கியவர் பழைய குளுக்கோமீட்டரைப் பரண்மேல் போட்டுவிடக் கூடாது.

எண்ணை எவ்வளவு நம்பலாம்?

சென்சாரின் துல்லியத்தைச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. ஆய்வகத்தில் எடுத்த ரத்த அளவிலிருந்து சென்சார் சராசரியாக எத்தனை சதவீதம் விலகுகிறது என்பது அது. நல்ல கருவிகளுக்கு 8, 9 சதவீதம் வருகிறது. உண்மையில் 200 என்றால் 182 என்றோ 218 என்றோ காட்டுவது சகஜம். அதுவும் சராசரிதான், ஒரு தடவை அதைவிடக் கூடவே தவறலாம். முதல் நாளில் இழை உள்ளே போன காயம் ஆறாததால் எண் கொஞ்சம் தடுமாறும். இரண்டு சென்சாருக்கு இடையே பத்து, பதினைந்து வித்தியாசம் வந்தால் எதுவும் பழுதில்லை. கோட்டின் போக்கைப் பார்க்க வேண்டும். புள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

சென்சாரை ஏமாற்றும் சில விஷயங்கள் இருக்கின்றன. சென்சார் இருக்கும் கையை அழுத்திப் படுத்துத் தூங்கினால் அந்த இடத்தில் நீரோட்டம் குறைந்து, நள்ளிரவில் பொய்யாகத் தாழ்சர்க்கரை காட்டும். வைட்டமின் சி மாத்திரையும் பாரசிட்டமாலும் மின்முனையில் தாங்களே எலக்ட்ரான் தரக்கூடியவை. லிப்ரே வகைகள் பலவற்றில் நாளுக்கு 500 மில்லிகிராமுக்குமேல் வைட்டமின் சி எடுத்தால் எண் பொய்யாக ஏறும் என்று நிறுவனமே எச்சரிக்கிறது. பெராக்சைடு அளக்கும் பழைய கருவிகள் சிலவற்றில் பாரசிட்டமால் அதே வேலையைச் செய்தது. எந்தக் கருவியானாலும் உள்ளே வரும் தாளில் 'இந்த மருந்து எடுத்தால்' என்ற பகுதியைப் படித்துவிட்டே ஒட்ட வேண்டும்.

ஓடைப்பட்டிக்கு என்றே தனியாகச் சிலது. திராட்சைப் பந்தல் வேலை முழுக்கக் கையைத் தூக்கி நின்று செய்வது. கொத்து கழிப்பதானாலும் கொடி கட்டுவதானாலும் மேல்கை பந்தல் கம்பியில் உரசாமல் இருக்காது. வில்லை கம்பியில் மாட்டினால் பிய்ந்துகொண்டு வந்துவிடும். பதினான்கு நாள் காசு போச்சு. தோள்பட்டையை ஒட்டி இல்லாமல், கையின் நன்றாகப் பின்புறம், சதைப்பற்றான இடத்தில் ஒட்டி, முழுக்கைச் சட்டை போடுவது உதவும். வியர்வையில் பசை விடாமலிருக்க மேலே ஒட்டும் பிளாஸ்டர்கள் கிடைக்கின்றன. குளித்துத் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாத தோலில் ஒட்ட வேண்டும். பிரிக்காத பெட்டியை எந்த வெப்பத்தில் வைக்கலாம் என்பது அட்டையிலேயே இருக்கும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த சென்சாரை நம்ப முடியாது. உள்ளே இருப்பது நொதி. வெந்துவிட்டால் வேலை செய்யாது. ஸ்கேன் எடுக்கப் போகும்போது சென்சார் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

யாருக்கு எது?

இன்சுலின் போடுகிறவர்கள் முதல் வரிசை. அதிலும் முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகள், இளைஞர்கள். இவர்களுக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் எத்தனை யூனிட் என்ற முடிவு காத்திருக்கிறது. தவறினால் மணிக்கணக்கில் விளைவு தெரியும். இவர்களுக்குச் சென்சார் ஆடம்பரமே இல்லை. வாங்க முடிந்தவர்கள் தொடர்ந்து அணியலாம். இறங்கினால் அலாரம் அடிக்கும் வகைதான் இவர்களுக்கு வேண்டும். இரவில் அம்மாவின் போனிலும் அலாரம் அடிக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து நீரிழிவு உள்ள கர்ப்பிணிகள். இவர்களுக்குக் குறி இன்னும் இறுக்கமானது: 63-க்கும் 140-க்கும் இடையே. பிறகு, இரவில் தாழ்சர்க்கரை வருகிறவர்கள். தனியாக இருக்கும் முதியவர்கள். கிளிமெபிரைடு போன்று இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரை போட்டுவிட்டு, காலைச் சாப்பாடு இல்லாமல் ஆறு மணிக்கே தோட்டத்தில் இறங்குகிறவர்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தை நகரத்து விளம்பரங்கள் கண்டுகொள்வதே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் அவர்கள் நிறைய.

மாத்திரையில் நிலையாக இருப்பவருக்கு வருடம் முழுக்கச் சென்சார் வேண்டியதில்லை. ஒரு சென்சார் ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 26. ஒரு லட்சத்து முப்பதாயிரம். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை, மருந்து மாற்றும்போது ஒருமுறை, பதினான்கு நாள் ஒட்டினால் போதும். மருத்துவர் ஒட்டிவிட்டு, கடைசியில் அவரே படிக்கும் வகையில் நமக்கு அன்றாடம் எண் தெரியாது. அதுவே ஒரு நன்மை. எண்ணைப் பார்த்துப் பயந்து சாப்பாட்டை மாற்றாமல், வழக்கமான வாழ்க்கை அப்படியே பதிவாகும்.

அந்த வரைபடத்தில் எதைப் பார்ப்பது? 2019-ல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த இலக்கு எளிமையானது. பெரும்பாலானவர்களுக்கு, நாளில் 70 சதவீத நேரமாவது, அதாவது ஏறக்குறைய பதினேழு மணி நேரம், சர்க்கரை 70-க்கும் 180-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 70-க்குக் கீழே ஒரு மணி நேரத்துக்குள். 54-க்குக் கீழே கால்மணிக்குள். முதியவர்களுக்கு மேல்பக்கம் கொஞ்சம் தளர்த்தி, பாதி நேரம் உள்ளே இருந்தால் போதும் என்கிறார்கள். கீழ்ப்பக்கம் இன்னும் கண்டிப்பு. அவர்களுக்கு 200-ஐவிட 60 ஆபத்து.

நோய் இல்லாதவர் ஒட்டலாமா?

ஆரோக்கியத்துக்கு என்று மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கும் சென்சார்களுக்கு அமெரிக்கா 2024-ல் அனுமதி தந்தது. இந்தியாவிலும் செயலியும் சென்சாருமாகச் சேர்த்து விற்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்குச் சென்சார் ஒட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. நாளில் 96 சதவீத நேரம் அவர்கள் 70-க்கும் 140-க்கும் இடையே இருந்தார்கள். மீதியில் அரைமணி நேரம் போல 140-ஐத் தாண்டியது, கால்மணி நேரம் போல 70-க்குக் கீழே போனது. எந்த நோயும் இல்லாதவருக்கும் கோடு ஏறும், இறங்கும். சோறு சாப்பிட்டு 150 காட்டியதும் நோய் வந்துவிட்டது என்று அலற வேண்டியதில்லை.

2020-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் வேறொன்று செய்தார்கள். நீரிழிவு இல்லாதவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு விதச் சென்சார் ஒட்டி, எந்தச் சாப்பாடு சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது என்று வரிசைப்படுத்தினார்கள். இரண்டு சென்சாரும் இரண்டு வரிசை தந்தன. ஒன்று 'கூடாது' என்ற சாப்பாட்டை மற்றது 'பரவாயில்லை' என்றது. 'உங்கள் உடம்புக்கு இட்லி ஆகாது, பூரி ஆகும்' என்று ஒரு செயலி தீர்ப்பு எழுதினால், அந்தத் தீர்ப்பு ஒரு சென்சாரின் சாட்சியை மட்டும் கேட்டு எழுதியது.

தட்டையான கோடு நல்ல சாப்பாடு என்றும் ஆகாது. உருளைக்கிழங்கைவிட அதே கிழங்கை எண்ணெயில் பொரித்த சிப்ஸ் கோட்டைத் தாழ்வாகக் காட்டலாம். கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் வரும் ஏமாற்று அது. திராட்சையில் இருக்கும் சர்க்கரையில் பாதிதான் குளுக்கோஸ், மறுபாதி ஃபிரக்டோஸ். பூஞ்சையின் நொதிக்கு ஃபிரக்டோஸ் கண்ணுக்கே தெரியாது. குளிர்பானத்தில் இருக்கும் ஃபிரக்டோஸ் நேராகக் கல்லீரலுக்குப் போய் அங்கே கொழுப்பாக மாறினாலும் கோடு கண்டுகொள்ளாது.

அதனால் நோய் இல்லாதவர் ஒட்டவே கூடாது என்று சொல்லவில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் சர்க்கரை, தனக்கு எச்பிஏ1சி 6 என்று எல்லையில் நிற்கிறவருக்கு ஒரு பதினான்கு நாள் நல்ல ஆசிரியர். ஆனால் பாடத்திட்டத்தை நாமே எழுத வேண்டும். முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல் இருப்பது. பிறகு ஒருநாள் மதியம் சோற்றைப் பாதியாக்கிக் கூட்டைக் கூட்டுவது. ஒருநாள் காய்கறியும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். ஒருநாள் அதே சாப்பாடு, முடிந்ததும் பதினைந்து நிமிட நடை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்து பார்த்தால்தான் அது உண்மையா, தற்செயலா என்று தெரியும். இரண்டு வாரத்தில் கிடைக்கும் விடை பெரும்பாலும் பாட்டி சொன்னதாகவே இருக்கும். தன் கோட்டைத் தானே பார்த்தவர் அதை மறக்க மாட்டார் என்பதுதான் லாபம்.

ஊசியே இல்லாமல் சர்க்கரை காட்டும் கைக்கடிகாரம், மோதிரம் என்று சில நூறு ரூபாய்க்குக்கூட விற்கிறார்கள். அப்படி எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை, நம்பாதீர்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலுக்கு வெளியே நின்று ஒளியால் குளுக்கோஸை நம்பகமாக அளக்கும் வித்தை இன்னும் கைகூடவில்லை. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

கடைக்குப் போகுமுன்

வாங்குவதென்று முடிவானால் கேட்க வேண்டியவை சில. தானாக எண் அனுப்பி அலாரம் அடிக்குமா, நாம் போனைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் படிக்குமா? காட்டிப் படிக்கும் வகைக்குப் போனில் என்எஃப்சி இருக்க வேண்டும். குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் அது இருக்காது. என் போன் அந்தச் செயலியின் பட்டியலில் இருக்கிறதா? எத்தனை நாள் உழைக்கும், பாதியில் விழுந்தால் மாற்றித் தருவார்களா? இறக்குமதி உரிம எண் அட்டையில் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன? பதிவான எண்கள் யார் கையில் இருக்கும், வேண்டாமென்றால் அழிக்க முடியுமா? எல்லாவற்றையும்விட, பதினான்காம் நாள் இந்த வரைபடத்தை உட்கார்ந்து படிக்க ஒரு மருத்துவர் எனக்கு இருக்கிறாரா? படிக்க ஆளில்லாத வரைபடம் வெறும் கிறுக்கல்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பந்தலுக்குக் கீழே நின்றுதான் கேட்க வேண்டும். மாம்பழத்தைக் காயாகப் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கலாம். திராட்சை அப்படியில்லை. கொடியிலிருந்து வெட்டிய நிமிடத்தோடு அதன் இனிப்பு நின்றுவிடும். அவசரப்பட்டு வெட்டியதைத் திருத்த வழியில்லை. அதனால்தான் கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதம் காத்திருக்கும் விவசாயி, பிஞ்சும் காயுமாக இருக்கும்போது பிரிக்ஸ் பார்ப்பதில்லை. பார்த்து என்ன செய்ய? வெட்டும் நாள் நெருங்கும்போது, இன்றா, இன்னும் நான்கு நாள் கழித்தா என்ற முடிவு எதிரே நிற்கும்போது, கொத்து கொத்தாக, பழம் பழமாக அளக்கிறார்.

இன்சுலின் போடும் சிறுமிக்கு ஒவ்வொரு வேளையும் வெட்டும் நாள்தான். அவள் கையில் சென்சார் எப்போதும் இருக்கட்டும். மாத்திரை மாற்றப் போகிறவருக்கு அது இரண்டு வாரம். எதையும் மாற்றப் போவதில்லை என்றால், அந்த ஐயாயிரத்துக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிச் சாப்பிட்டபின் நடக்கலாம். மீதிக்கு ஓடைப்பட்டிப் பழம் வாங்கலாம். ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.